மெஸ்ஸுக்கும் கட்டி, ஆர்டரும் போட்டு…

கேள்வி: சொந்த ஊர் களக்காடு. அப்பா வாழை போட்டிருக்கிறார். நான் பாளையங்கோட்டையில் எம்.காம். படிக்கிறேன், விடுதி வாசம். மெஸ் பணம் போக, கைச்செலவுக்கு மாதம் 5,000 ரூபாய் அனுப்புகிறார். 20ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் சாப்பாட்டு ஆர்டரெல்லாம், இப்போது வாங்கிவிட்டுப் பிறகு கட்டும் ‘பே லேட்டர்’ கடனில்தான், இப்போது பாக்கி 1,800. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி.யில் 500 ரூபாய் போடச் சொல்கிறான் நண்பன். ஆரம்பிக்கலாமா?

பதில்: எஸ்.ஐ.பி. இருக்கட்டும் தம்பி, முதலில் அந்த 1,800-ஐ அடைத்துவிடுங்கள். தவணை தப்பினால் அபராதம் விழும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று குறித்துவைக்கும் சிபில் பதிவிலும் ஏறலாம். நாளைக்கு பைக் லோன் கேட்டுப் போகும்போது, இன்றைக்குத் தின்ற சிக்கன் ரைஸ் பேங்க் மேனேஜரின் திரையில் வந்து நிற்கும். அப்பா பணம் போட்ட அன்றைக்கே கட்டிவிட்டு, பே லேட்டரை மூடுங்கள். இந்த மாதம் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டவேண்டும். அதற்காக இன்னொரு லோன் ஆப் பக்கம் போய்விடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பில்களில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். வண்ணார்பேட்டைக் கடை சிக்கன் ரைஸ். நேரில் போனால் 120 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செயலியில் அதே ரைஸ் 150. பேக்கிங் 15, டெலிவரி 38, பிளாட்ஃபார்ம் கட்டணம் 15, வரி 18. ஆக 236. சோற்றுக்கு 120, அது விடுதி வாசல் வரை வந்ததற்கு 116! அன்றைய மெஸ் சாப்பாட்டுக்கும் அப்பா ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறார். போன மாதம் இப்படி 11 ஆர்டர்.

நாக்கைக் கட்டு என்று சொல்ல வரவில்லை. வெள்ளிக்கிழமை நண்பர்களோடு நடந்து போய் புரோட்டா சால்னா சாப்பிடுங்கள். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு அதுகூட இல்லையென்றால் எப்படி? ஆனால் அந்த 11-ல் 8 ஆர்டர் ராத்திரி பத்தரைக்கு மேல் போட்டவை. மெஸ் எட்டு மணிக்கே மூடிவிடுகிறது, நீங்கள் ஒரு மணி வரை முழித்துப் படிக்கிறீர்கள். வயிறு கேட்கத்தானே செய்யும்? அது ஆசை இல்லை, பசி. பசிக்கு வழி செய்யாமல் சிக்கனம் பேசினால் நாலு நாள்கூடத் தாங்காது.

வெளிச் சாப்பாட்டுக்கென்று ஞாயிறுதோறும் யுபிஐ லைட்டில் (போனில் முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் சின்னப் பர்ஸ்) 300 ரூபாய் ஏற்றுங்கள். தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை நிறுத்திவையுங்கள். தீர்ந்தால் அந்த வாரம் அவ்வளவுதான். செயலியில் சேமித்த கார்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் பாக்கியில்லாமல் போனபின் எழுதுங்கள், அந்த 500-ஐ எஸ்.ஐ.பி.யில் போடலாமா, தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடலாமா என்று பேசுவோம்.

அப்புறம் ஒன்று. வாழைத்தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை ராத்திரிப் பசிக்கு 236 ரூபாய் கொடுப்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வீர்கள்? அடுத்த தடவை ஊருக்குப் போனால் செங்காயாக இரண்டு சீப்பு வெட்டி எடுத்து வாருங்கள். அறைத்தோழன் பங்கு கேட்பான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.