ஆவணத்தொடர் பார்த்து முடித்ததும் குற்றவாளி நிரபராதியாகத் தோன்றுவது ஏன்?
குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் விடுவிக்கக் காரணமாகும் ‘நியாயமான சந்தேகம்’ என்பது, சாட்சியம் முழுவதையும் எடைபோட்ட பிறகும் போகாமல் நிற்கும் சந்தேகம். தொடர்கள் கிளப்புவது பெரும்பாலும் வேறு ரகம்.

‘மேக்கிங் எ மர்டரர்’ (2015) என்ற அமெரிக்க ஆவணத்தொடரின் ஸ்டீவன் ஏவரி, செய்யாத குற்றத்துக்கு 18 ஆண்டு சிறையில் இருந்து, டிஎன்ஏ சோதனையால் 2003இல் வெளிவந்தவர். 2007இல் கொலை வழக்கில் தண்டனை. நீதிமன்ற அலுவலகத்தில் இருந்த, அவரது பழைய ரத்த மாதிரி அடைத்த சோதனைக்குழாயின் ரப்பர் மூடியில் ஊசித்துளை! அதிலிருந்து ரத்தத்தை எடுத்துப் பொய்த் தடயம் வைத்துவிட்டார்களோ என்று நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆனால் அந்த வகைக் குழாயில் ரத்தத்தை ஏற்றுவதே மூடியை ஊசியால் குத்தித்தான்.

வாரக்கணக்கில் நடந்த விசாரணை, பத்தே அத்தியாயம். ஹைலைட்ஸில் ஒரே அணியின் விக்கெட்டுகளை மட்டும் காட்டுவது மாதிரி.

அப்புறம், ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்றால் நிரபராதி என நிரூபணமானதாகப் பலர் நினைக்கிறார்கள். அரசுத் தரப்பால் குற்றத்தை நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.