ழகரம் பழகிய நாக்கு கைகொடுக்கும்

சென்னையில் பேச்சு, கேட்டல் துறையில் இளநிலை முடித்துவிட்டு, முதுநிலைப் படிப்புக்கு ஒஹையோ வரவிருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் தமிழ் உச்சரிப்போடு அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க விடுவார்களா? படித்து முடித்தால் அங்கேயே வேலை பார்க்க முடியுமா?"

விடுவார்கள், தங்கை. இங்கே இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் தரும் சங்கத்தை ஆஷா என்பார்கள். உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருப்பதை அது தடையாகக் கருதுவதில்லை. எந்த ஒலியைக் கற்றுத்தருகிறீர்களோ அதைச் சரியாகச் செய்துகாட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அமெரிக்கர் போலப் பேசிப் பழகுவதில் நாட்களைச் செலவிடாதீர்கள். ஒலி ஒலியாக எடுத்துப் பயிலுங்கள்.

இரண்டு இடங்களில் நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ப' ஒலியோடு காற்று வெடித்து வெளியே வரும். நம் பகரத்தில் அது இல்லை. நாம் 'பை' என்றால் அமெரிக்கக் காதில் அது 'Bye' போல விழுந்துவிடும். தமிழில் சொல்வதானால், 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டாவதாக வரும் பகரம் போல விழும். உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், அது அசைய வேண்டும். அடுத்தது வகரம். ஆங்கிலத்தில் அது இரண்டு ஒலி: ஒன்றில் மேற்பல் கீழுதட்டைத் தொடும், மற்றதில் உதடுகள் குவியும். நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

ஆனால் நமக்கு எளிதான ஓர் ஒலியும் உண்டு. பள்ளிகளில் நம்மிடம் வரும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கில 'ர' வராது. அமெரிக்கர் பலர் அதைச் சொல்லும்போது நாக்கு நுனி பின்னால் வளைந்து, அண்ணத்தைத் தொடாமல் நிற்கும். நம் ழகரத்துக்கும் நாக்கு நிற்பது கிட்டத்தட்ட அங்கேதான். நான் வேலை பார்க்கும் நியூ ஜெர்சி பள்ளியில் கண்ணாடியை நடுவில் வைத்து, 'ழ்' என்று நீட்டிச் சொல்லி, என் நாக்கு போகும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். ஒலியைப் பிடித்துக்கொண்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது இந்தத் தொழிலின் மீது எனக்கு இன்னும் ஆசை கூடுகிறது.

தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் இங்கே மிகவும் தேவை. வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய பிள்ளை ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'தி' என்ற சிறு சொற்களை விட்டுவிட்டுப் பேசுவதைக் கேட்டு, மொழிக் குறைபாடோ என்று ஆசிரியர் சந்தேகப்படுவார். தமிழில் அப்படிப்பட்ட சொற்களே இல்லை. அதே பிள்ளையைத் தமிழில் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என்று இடம் பார்த்து மாற்றிச் சொல்கிறதா, வயதுக்கேற்பக் கோவையாகச் சொல்கிறதா என்று கவனியுங்கள். சொல்கிறது என்றால் அது குறைபாடு அல்ல, ஆங்கிலம் புதிது என்பதுதான். "இனி வீட்டில் தமிழ் பேசாதீர்கள்" என்று பெற்றோருக்கு யாராவது அறிவுரை சொன்னால், தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. தாத்தா பாட்டியோடு பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பறிக்க யாருக்கும் உரிமை இல்லை.

வேலை விஷயத்தில் காலக்கணக்குதான் முக்கியம். ஆஷா சான்றிதழுக்கு 400 மணி நேரக் கிளினிக் பயிற்சி வேண்டும். அதில் 25 மணி நேரம் பார்த்துக் கற்பது, மீதி 375 நோயாளிகளோடு நேரடியாக. பட்டத்துக்குப் பின் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 36 வாரம், 1260 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். பிராக்ஸிஸ் என்ற தகுதித் தேர்வும், வேலை செய்யும் மாநிலத்தின் உரிமமும் தனி. மாணவர் விசாவில் படிப்புக்குப் பின் கிடைக்கும் பணி அனுமதி ஓராண்டுதான். பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு நம் துறைக்கு இல்லை. அந்த ஓராண்டுக்குள் 36 வாரத்தை முடிக்க வேண்டுமென்றால், கடைசிப் பருவம் தொடங்கும்போதே வேலை தேட வேண்டும். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே பணி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வேலைக்குப் பேசும்போதே, விசாவுக்கு ஆதரவு தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

புறப்படும் முன் ஒரு வேலை: இளநிலையில் படித்த ஒவ்வொரு பாடத்தின் விவரத்தையும் கல்லூரியில் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். உயிரியல், புள்ளியியல், சமூக அறிவியல், இயற்பியல் அல்லது வேதியியல் ஆகியவற்றைக் கல்லூரி அளவில் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் இங்கே தனியாகக் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டியிருக்கும். எது குறைகிறது என்று நீங்கள் சேரப்போகும் துறையின் அலுவலகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.