ஆஸ்துமாவுக்குத் தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்த வேண்டுமா?

இழுப்பு வருகிறது என்று வீட்டில் பால், தயிர், வாழைப்பழம் எல்லாவற்றையும் தடுக்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வாமை இல்லையென்றால் தேவையில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாக ஒட்டும். அதைச் சளி என்று நினைத்துவிடுகிறோம். நுரையீரலில் சளி அதனால் கூடுவதில்லை.

பினாங்கில் இருக்கிறீர்கள் என்பதால் முதலில் சாப்பிடும் நேரத்தைப் பாருங்கள். இரவு 11 மணிக்கு நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்), கூடவே ஒரு தே தாரேக் (இனிப்பான பால் தேநீர்), 12 மணிக்குப் படுக்கை. வயிற்று அமிலம் உணவுக்குழாயில் ஏறும். அந்த எரிச்சலிலேயே நரம்பு வழியாக மூச்சுக்குழாய் சுருங்கலாம். புளித்த ஏப்பம், காலையில் கரகரத்த குரல், நடுநிசி இருமல் மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும், அமிலம் இன்னும் ஏறும்.

அடுத்தது சல்ஃபைட், அதாவது உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள். உலர்ந்த பழம், ஜெரோக் (ஊறவைத்த பழம்), காய்ந்த இறால், உறையவைத்த இறால், பாட்டில் எலுமிச்சைச் சாறு, வைன் ஆகியவற்றில் இருக்கலாம். லேபிளில் 220 முதல் 228 வரையான எண்களைத் தேடுங்கள். இதிலிருந்து வெளியாகும் கந்தக டைஆக்சைடு மூச்சோடு உள்ளே போவதால் சில நிமிடங்களிலேயே நெஞ்சு இறுகும். ஆஸ்துமா உள்ள எல்லாருக்கும் இது ஆகாது என்பதில்லை, சிலருக்குத்தான். 'இறால் ஒத்துக்கொள்ளாது' என்பவர்களில் சிலருக்கு உண்மையில் ஆகாதது அதில் போட்ட சல்ஃபைட்தான்.

எந்த உணவு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சிறு கருவி) போதும். காலையில் மருந்துக்கு முன்பும் இரவிலும் மூன்று முறை ஊதி, கூடுதலான எண்ணைக் குறியுங்கள். முதல் 2 வாரம் வழக்கமான சாப்பாடு. பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் 2 முதல் 4 வாரம் நிறுத்துங்கள். மூன்றை ஒன்றாக நிறுத்தினால் குற்றவாளி தெரியாது. அன்றைய காற்றுத் தரக் குறியீட்டையும் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் புகைமூட்டம் செய்த வேலைக்குத் தயிர் பழி சுமக்கும். உதடு வீங்கினாலோ உடம்பில் தடிப்பு எழும்பினாலோ மூச்சு திணறினாலோ அந்தப் பொருளை வீட்டில் மறுபடி சோதிக்கவே கூடாது. மருத்துவரிடம் ஒவ்வாமைப் பரிசோதனை கேளுங்கள்.

எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே மூச்சு எளிதாகும். 80 கிலோவுக்கு 4 முதல் 8 கிலோ. தே தாரேக்கை 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஆக்குவது நல்ல தொடக்கம்.

இதில் எது பலித்தாலும் தினசரி தடுப்பு இன்ஹேலரை நீங்களாகக் குறைக்காதீர்கள். இழுப்பு வரும்போது எடுக்கும் நீல பம்பை (உடனடி நிவாரண இன்ஹேலர்) வாரத்துக்கு 2 முறைக்கு மேல் எடுக்க நேர்ந்தால், தட்டை ஆராய்வதை நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போங்கள்.