பொருளாதார நெருக்கடியும் ஆட்சிக் குழப்பமும் வந்தபோதெல்லாம் யூதர்கள் ஏன் தாக்கப்பட்டார்கள்? வட்டித் தொழில்தான் காரணமா?

கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. வட்டி ஒரு காரணம்தான். ஆனால் அந்த வட்டிப் பணம் கடைசியில் யார் கஜானாவுக்குப் போனது என்று பார்க்காமல் விட்டால் கதை தலைகீழாகிவிடும். இரண்டாயிரம் வருட வரலாற்றை ஒரே பதிலில் சொல்ல என்னால் ஆகாது. எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன்.

நான் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ரயிலேறினால் அரை மணி நேரத்தில் யார்க் வந்துவிடும். ஊருக்கு நடுவே ஒரு புல் மேடு, அதன் மேல் கிளிஃபர்ட்ஸ் டவர் என்ற கல் கோபுரம். முதல் தடவை ஒரு மார்ச் மாதக் கடைசியில் போனேன். மேடு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கள். நாலைந்து படம் எடுத்த பிறகுதான் அடிவாரத்தில் பதித்திருந்த கல்லைப் படித்தேன். 1190 மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு, அந்த இடத்தில் இருந்த அரச கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த சுமார் 150 யூதர்கள், மதம் மாறுவதைவிட ஒருவர் கையால் ஒருவர் சாவது மேல் என்று முடிவெடுத்த இடம் அது. எடுத்த படங்களை யாருக்கும் அனுப்பத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தபோது, கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கோட்டையில் எல்லாம் முடிந்தபின், உயிர் பிழைத்துக் காலையில் வெளியே வந்தவர்களையும் கொன்றுவிட்டு, கூட்டம் நேராகப் போனது எங்கே தெரியுமா? யார்க் மின்ஸ்டர் தேவாலயத்துக்கு. யூதர்கள் தங்கள் கடன் பத்திரங்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கேதான் கொடுத்து வைத்திருந்தார்கள். காவலாளிகளை மிரட்டி அவற்றை வாங்கி, தேவாலயத்துக்குள்ளேயே போட்டுக் கொளுத்தினார்கள். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், புரோநோட்டைக் கொளுத்திவிட்டார்கள். அந்தக் கூட்டத்தைத் தூண்டிவிட்டவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் மாலபீஸ் என்ற பிரபு. யூதர்களிடம் கடன் வாங்கியிருந்தவர்.

சரி, அவர்கள் ஏன் வட்டிக்கு விட்டார்கள்? 1066-க்குப் பிறகு, நார்மன் மன்னர்களோடு பிரான்சின் ரூவான் நகரிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கைவினைச் சங்கங்களில் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே இடம். மற்றவர்களைப் போல நிலம் வைத்துப் பிழைக்கவும் வழியில்லை. கிறிஸ்தவன் வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொல்லிவிட்டது, ஆனால் கடன் இல்லாமல் தேவாலயம்கூடக் கட்ட முடியாது. ஆக மிச்சமிருந்த கதவு அது ஒன்றுதான். அப்போதும் பெரிய லேவாதேவிக்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் சிறு அடகு, வைத்தியம், அல்லது அந்தப் பணக்கார வீடுகளை அண்டிய வேலைகள் என்று காலம் தள்ளியவர்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. யூதரும் அவரிடம் உள்ள அனைத்தும் ராஜாவின் சொத்து. கேட்க அடிமைச் சாசனம் மாதிரி இருக்கும். நடைமுறையில் அது பாதுகாப்பும்கூட. ராஜாவின் பொருள்மேல் எவனும் கை வைக்க முடியாது. சிக்கலும் அங்கேதான் பிறந்தது.

லிங்கன் நகரத்து ஆரோன் என்பவரின் கணக்கைப் பாருங்கள். மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் கடன் கொடுத்த பெரும் பணக்காரர். 1186-ல் இறந்தார். சொத்து முழுவதையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவருக்கு வரவேண்டிய பாக்கி ஏறக்குறைய 15,000 பவுண்டு, கடன்பட்டவர்கள் 430 பேர்வரை. அதை வசூலிக்க மட்டும் ஒரு தனி இலாகாவே போட்டார்கள். கடன் வாங்கியவருக்கு ஒரு காசும் குறையவில்லை. நேற்று ஆரோனுக்குக் கட்டியதை இன்று ராஜாவுக்குக் கட்டவேண்டும், அவ்வளவுதான்.

1189 செப்டம்பர் 3, முதலாம் ரிச்சர்டின் முடிசூட்டு விழா. பரிசுப் பொருளோடு போன யூதர்களை வாசலில் அடித்து விரட்டினார்கள். ராஜாவே உத்தரவு போட்டுவிட்டார் என்று வதந்தி கிளம்பி லண்டனில் வீடுகள் எரிந்தன. டிசம்பரில் ரிச்சர்ட் சிலுவைப் போருக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும்? லின், நாரிச், ஸ்டாம்ஃபோர்ட் என்று வரிசையாக ஊர்கள் பற்றிக்கொண்டு மார்ச்சில் யார்க்குக்கு வந்தது. ராஜா கடல் தாண்டியதும் அவர் கொடுத்த பாதுகாப்பு காகிதமாகிவிட்டது. ஆனால் அவர் பெயரால் வசூலான வட்டி மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

அரசாங்கம் இதிலிருந்து என்ன பாடம் படித்தது என்பதுதான் எனக்கு யார்க்கைவிடப் பெரிய அதிர்ச்சி. தலைமை தாங்கியவர்கள் ஸ்காட்லாந்துக்கு ஓடிவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அபராதம் போட்டார்கள். 1194-ல் ஒரு புது ஏற்பாடு வந்தது. இனி ஒவ்வொரு கடனையும் இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை ஊர்ப் பெட்டகத்தில் பூட்டிவைக்க வேண்டும். பொறுப்பாளர்களாகக் கிறிஸ்தவர்களும் யூதர்களும் இருப்பார்கள். அதாவது ஆள் செத்தாலும் கணக்கு சாகக் கூடாது. இதில் இன்னொரு லாபம், எந்த யூதரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ராஜாவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். 1210-ல் ஜான் மன்னர் யூதர்கள்மேல் விதித்த வரி 66,000 மார்க் (அந்தக் கால இங்கிலாந்தின் கணக்குப் பணம், ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு). கட்ட மறுத்த ஒருவருக்குத் தினம் ஒரு பல்லாகப் பிடுங்கினார்கள் என்று அந்தக் காலத்துத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கதையாகவே இருக்கட்டும், வரி கதை இல்லை.

இப்படிப் பிழிந்தால் என்ன ஆகும்? யூதர் தான் கொடுத்த கடனை அவசர அவசரமாகத் திரும்பக் கேட்பார், அல்லது பத்திரத்தைக் குறைந்த விலைக்கு விற்பார். அதை வாங்குவது அரண்மனைக்கு வேண்டியவர்கள். கடைசியில் அடமான நிலம் அவர்கள் கைக்குப் போகும். முதலாம் எட்வர்டின் ராணி எலினோர் இந்த வழியில் நிறைய நிலம் சேர்த்தவர். நிலத்தை இழந்த சிறு பிரபு அரண்மனைமேல் கல்லெறிய முடியுமா? தன் வீட்டு வாசலுக்கு வந்து கடனைக் கேட்டது யாரோ, அவர்மேல்தான் எறிவான். 1215-ல் பிரபுக்கள் ஜான் மன்னரிடம் வாங்கிய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவில் 10, 11 ஆகிய இரண்டு பிரிவுகள் யூதர்களிடம் வாங்கிய கடனைப் பற்றியவை. அந்தக் கடன் அரசர் கைக்கு வந்தால் அசலைத் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது என்று பிரபுக்கள் அதில் எழுதி வாங்கினார்கள். பயம் யாரைப் பார்த்து என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது! ஆனாலும் 1264-ல் சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்ற பிரபுவின் ஆட்கள் மன்னரை எதிர்த்துக் கிளம்பியபோது, லண்டனில் நூற்றுக்கணக்கான யூதர்கள் செத்தார்கள். பல ஊர்களில் பெட்டகங்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முடிவு சீக்கிரம் வந்தது. 1275-ல் எட்வர்ட் வட்டித் தொழிலையே தடை செய்தார். வியாபாரம் செய்து பிழையுங்கள் என்றார். சட்டைமேல் மஞ்சள் துணி அடையாளம் தைக்கச் சொன்னதும் அதே சட்டம். அடையாளத்தோடு போகிறவனிடம் எவன் சரக்கு வாங்குவான்? 1278-ல் வெள்ளிக்காக நாணயத்தின் ஓரத்தை வெட்டினார்கள் என்று சொல்லி நூற்றுக்கணக்கான யூதர்களைப் பிடித்துச் சிறையில் போட்டு, லண்டனில் மட்டும் 260-க்கு மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள். அதே குற்றத்துக்குத் தூக்கிலேறிய கிறிஸ்தவர்கள் முப்பதுக்குள். அரண்மனைக்குக் கறவை மாடாக இருந்த சமூகம் ஒட்ட வற்றிவிட்டது. 1290-ல் கடனோடு நாடு திரும்பியிருந்த எட்வர்டுக்குப் பாராளுமன்றம் பெரிய வரி ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 1,16,000 பவுண்டு. கைம்மாறாக ஜூலை 18-ல் உத்தரவு போனது. நவம்பர் 1-க்குள் யூதர்கள் எல்லோரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். அவர்கள் திரும்பி வந்து வெளிப்படையாக வாழ 1656 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘வட்டித் தொழிலை விட்டிருந்தால் தப்பித்திருப்பார்களே’ என்று கேட்பவர்களுக்கு: சட்டமே போட்டு விடவைத்தார்கள். அதன் பிறகு பதினைந்தே வருடம் இருக்கவிட்டார்கள்.

பிற்காலத்தில் வட்டியே இல்லாமலும் இது நடந்தது. 1923 நவம்பர் 5, பெர்லின். ரொட்டி ஒன்றின் விலை 14,000 கோடி மார்க்குக்கு ஏறிய நாள். வேலையில்லாதவர்கள் உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கிறார்கள். பணம் தீர்ந்துவிட்டது, கிழக்கிலிருந்து வந்த யூதர்கள் வாங்கிப் பதுக்கிவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட, கூட்டம் ஷாய்னன்ஃபீர்ட்டல் பகுதிக்குள் புகுந்தது. அங்கே இருந்த யூதர்கள் பெரும்பாலும் பஞ்சைப் பராரிகள். 1941 ஜூன் 1, 2 தேதிகளில் பாக்தாத்தில் நடந்ததும் ஏறக்குறைய யார்க் மாதிரிதான். ஜெர்மனி பக்கம் சாய்ந்திருந்த ஈராக் பிரதமர் ரஷீத் அலியின் அரசு விழுந்து, பிரிட்டிஷ் படை நகருக்குள் வராத இடைவெளி. அந்த இரண்டு நாளில் ஏறக்குறைய 180 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பத்தே வருடத்தில் பாக்தாத் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள்.

எல்லா நெருக்கடியும் படுகொலையில் முடியவில்லை, அதையும் சொல்லவேண்டும். 2001 டிசம்பரில் அர்ஜென்டினா வங்கிக் கணக்குகளை முடக்கியபோது, புவெனஸ் ஐரிஸின் யூதர்கள் அண்டை வீட்டுக்காரர்களைப் போலவே பணத்தை இழந்தார்கள். கடை வைத்திருந்தவர்கள், பிள்ளைகளை யூதப் பள்ளியில் படிக்கவைத்தவர்கள், திடீரென்று சமூகச் சமையற்கூடத்தின் வரிசைக்கு வந்தார்கள். அடுத்த வருடம் ஆயிரக்கணக்கானோர் இஸ்ரேலுக்குக் கப்பலேறாமல் விமானமேறினார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. மாதச் செலவுக்கு வழியில்லாமல் போனார்கள்.

அப்புறம், யார்க்கில் இப்போது யூதர்கள் இருக்கிறார்களா என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறார்கள், சின்னச் சமூகம். எண்ணூறு வருடத்துக்குப் பிறகு, 2023-ல்தான் அந்த ஊரிலேயே தங்கிப் பணிசெய்ய ஒரு ராபி, அதாவது யூத மதகுரு, வந்தார்.