மகன் பைக் பந்தய வீரராக வேண்டும் என்கிறான்

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன், மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் தன் தொழில் என்று பிடிவாதமாக நிற்கிறான். இரவில் நண்பர்களோடு பள்ளிகொண்டா வரை வண்டியை விரட்டிக்கொண்டு போவதாகவும் கேள்விப்படுகிறேன். இதை நம்பி அவனை விடலாமா?
(ஒரு தந்தை, குடியாத்தம்)

பதில்: இரவு ஓட்டத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் குறுக்கே வரும் மாட்டுக்கும் விளக்கில்லாமல் திரும்பும் டிராக்டருக்கும் நடுவே வண்டியை முறுக்குவது உயிரைப் பணயம் வைப்பதே தவிர, பந்தயப் பயிற்சி ஆகாது. நேர்ச் சாலையில் கிடைக்கும் வேகம் எஞ்சினுடையது. ஓட்டுபவரின் திறமை பிரேக் பிடிப்பதிலும் வளைவில் வண்டியைச் சாய்த்துத் திருப்புவதிலும்தான் இருக்கிறது.

அவனை ஒருநாள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர், 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட தடம். அங்கே ஒரு வளைவின் வேலியோரம் நின்று நான் அரை மணி நேரம் ஒரே வீரரைக் கவனித்திருக்கிறேன். அவர் பிரேக் பிடித்த இடம் சுற்றுக்குச் சுற்று ஒரு முழம்கூட மாறவில்லை. முழங்காலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டை தார்ச்சாலையில் உரசும் சத்தம்கூட ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் கேட்டது. உங்கள் மகனுக்கு அந்தப் பொறுமை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் இந்தத் தொழிலின் சாரமே அதுதான்.

பிடித்திருந்தால், முறையான பயிற்சிப் பள்ளியில் சேர்த்து, இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு தரும் போட்டி லைசென்ஸைப் பெறச் செய்யுங்கள். அதன்பின் டி.வி.எஸ்., ஹோண்டா போன்ற நிறுவனங்கள் ஒரே வகை வண்டிகளைக் கொண்டு நடத்தும் போட்டிகள்தான் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். எல்லாருக்கும் ஒரே வண்டி என்பதால் பணக்காரப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பெருமளவு மறைந்துவிடுகிறது. அந்த வழியில் மேலேறியவர்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. 2011-இல் 125 சி.சி. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓடிய சரத்குமார் தமிழ்நாட்டுக்காரர்தான். ஆனால் இந்நாட்டில் பந்தயச் சம்பளத்தை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துபவர்கள் மிகக் குறைவு. முதல் சில ஆண்டுகளில் டயர், நுழைவுக் கட்டணம், விழுந்த வண்டியின் பழுது என்று எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போகும். ஆகவே ஆட்டோமொபைல் டிப்ளமோ ஒன்றில் சேர்த்துவிட்டுப் பந்தயத்துக்கு அனுப்புங்கள். வண்டியின் உள்ளுறுப்பு தெரிந்த வீரரின் பேச்சுக்கு மெக்கானிக்குகளிடம் தனி மதிப்பு உண்டு. பந்தயம் முடிந்த பிறகும் அந்தப் படிப்பு கைகொடுக்கும்.

காயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் நான் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து உயிரிழந்தான். தடம் சாலையைவிடப் பாதுகாப்பானது என்பது உண்மை. ஆபத்தே இல்லாத இடம் அதுவும் அன்று. நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு ஓடுவதும், கட்டு அவிழ்த்த மறுநாளே வேலைக்குக் கிளம்புவதும் வழக்கம். பைக் பந்தய உலகச் சாம்பியன் மார்க் மார்க்கெஸின் கதையை மகனிடம் சொல்லுங்கள். 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் வலது மேற்கை எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்த சில நாட்களிலேயே அவர் மறுபடி வண்டி ஏறினார். பிறகு அந்தத் தகடு உடைந்தது. அந்த ஆண்டு முழுவதும் போயிற்று. அந்த ஒரே கைக்கு நான்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அடுத்த உலகப் பட்டம் 2025-இல்தான் கிடைத்தது. அவசரப்பட்ட அந்தச் சில நாட்களுக்கு அவர் கொடுத்த விலை அது. எலும்பு கூடிவிட்டது என்று எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லும்வரை வண்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: பெண்களுக்கு இதில் இடம் உண்டா?
(கல்லூரி மாணவி, ஆரணி)

பதில்: தாராளமாக உண்டு. ஸ்பெயினின் அனா கராஸ்கோ 2018-இல் ஆண்களோடு ஓடி, சிறிய எஞ்சின் வண்டிகளுக்கான சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தையே வென்றார். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸே 2019-இல், கரடுமுரடான நிலத்தில் ஓடும் பாஹா பந்தயங்களின் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றார். உங்களுக்கு என் ஒரே வேண்டுகோள் உடையைப் பற்றியது. பந்தய உடை மாட்டுத் தோலிலோ கங்காரு தோலிலோ தைக்கப்படுவது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோலின் தரம் பார்க்கத் தெரிந்தவர்கள் உங்கள் உறவிலேயே இருக்கக்கூடும், தையலை அவர்களிடம் காட்டுங்கள். ஆண் நண்பரின் உடையை மட்டும் இரவல் வாங்காதீர்கள். அளவு தளர்ந்திருந்தால், விழும் நேரத்தில் தோளிலும் முழங்கையிலும் உள்ள காப்புத் தகடுகள் இடம் நகர்ந்துவிடும்.