ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்ல, அதே கம்பெனி மீட்டியோர் பைக்கோட அலாய் வீல் மாட்டலாமா?
முன் டயர் சைஸ் ரெண்டுக்குமே 100/90-19 தான் (மில்லிமீட்டர்ல அகலம், அதுல எத்தன சதவீதம் டயரோட பக்கவாட்டு உயரம், இன்ச்ல ரிம் சைஸ்), அங்க பெருசா பிரச்சனை இல்ல. பின்னாடிதான் விஷயமே. 2021-ல வந்த கிளாசிக்குக்கு 120/80-18, மீட்டியோருக்கு 140/70-17, கணக்கு போட்டா டயரோட மொத்த உயரம் சுமார் 21 மில்லிமீட்டர் குறையுது, அதாவது பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் இறங்கும், டயரும் அகலம்ங்கிறதால செயின்லயோ ஸ்விங்ஆர்ம்லயோ (பின் வீல புடிச்சிருக்கிற சட்டம்) உரசுதான்னு கையால மெதுவா சுத்திப் பாத்தே ஆகணும். ஆக்சில் தடிமன், பேரிங், ஸ்பேசர் எல்லாம் ரெண்டு வீலுக்கும் ஒண்ணா இருக்கான்னு வெர்னியர் (துல்லியமா அளக்குற கருவி) வச்சு அளங்க. பின் ஸ்ப்ராக்கெட்ல (செயின் ஓடுற பல்சக்கரம்) ஒரு ஸ்டீல் ஸ்கேல ஒட்டிப் புடிங்க, அது செயினுக்கு நேரா போகணும், சாஞ்சுச்சுன்னா அந்த வீல் வேணாம். பேரிங் சேரலன்னு ஆக்சில லேத்துல குடுத்து தேய்க்காதீங்க, தயவுசெஞ்சு. ஏபிஎஸ்னா பிரேக் புடிக்கும்போது வீல் லாக் ஆகாம தடுக்குற அமைப்பு, அதுக்கு வீல் வேகத்த காட்டுற ஏபிஎஸ் ரிங்ல இருக்கிற பல்லையும் எண்ணிப் பாருங்க, எண்ணிக்கை மாறினா வீல் வேகத்த தப்பா படிச்சு ஏபிஎஸ் கோளாறாகும்.