எரிமலை எப்ப வெடிச்சது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: லாவா கல்லை கார்பன் டேட்டிங் பண்ணா வயசு தெரிஞ்சிடுமா சார்?

தெரியாது. உயிரா இருந்த பொருள்லதான் கார்பன்-14 (உயிர் போனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறையற கதிரியக்கக் கார்பன்) வேலை செய்யும், லாவாவுல ஏது உயிர்? லாவாவுக்கு அடியில கருகுன மரம், சாம்பல்ல புதைஞ்ச கிளை, விதை, இதைத்தான் எடுப்பாங்க. அதுலயும் கரி மரத்தோட எந்த வருஷ வளையத்துலருந்து வந்ததுன்னு கேட்காம தேதியை நம்பாதீங்க, 300 வருஷ மரத்தோட நடுக்கட்டைன்னா தேதியும் அவ்ளோ முன்னாடி போயிடும்.

கேள்வி: அப்ப சரியான வருஷமே கிடைக்காதா?

கிடைக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ் இது. சீனா-வடகொரியா எல்லையில சாங்பைஷான் எரிமலை, 10ஆம் நூற்றாண்டுல வெடிச்சதுன்னு தெரியும், வருஷம்தான் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. 774-775ல உலகம் பூரா மரங்கள்ல கார்பன்-14 திடீர்னு எகிறியிருக்குன்னு 2012ல ஜப்பான்ல மியாகே டீம் கண்டுபிடிச்சாங்க, காரணம் சூரியப் புயல்னுதான் நிறைய பேர் சொல்றாங்க. வெடிப்புல செத்த ஒரு லார்ச் மரத்துல அந்த வளையத்தைப் பிடிச்சு அங்கருந்து பட்டை வரைக்கும் எண்ணினா 946! ஜப்பான்ல நாரா கோயில் குறிப்புலயும் 946 நவம்பர் 3, வெள்ளைச் சாம்பல் பனி மாதிரி கொட்டுச்சுன்னு இருக்கு.

கேள்வி: இந்தோனேசியா டோபா எரிமலைக்கும் கார்பன்தானா?

இல்ல. அது சுமார் 74,000 வருஷம், கார்பன் 50,000 வரைக்கும்தான் தாங்கும். எரிமலைப் படிகத்துல பொட்டாசியம் சிதைஞ்சு சேர்ந்த ஆர்கான் வாயுவை அளக்கற ஆர்கான்-ஆர்கான் முறை பண்ணாங்க. ஆந்திராவுல ஜ்வாலாபுரத்துல அந்தச் சாம்பல் இன்னும் கிடக்கு.

கேள்வி: கிரீஸ்ல சாண்டோரினி எரிமலை வெடிச்ச வருஷம், சாம்பல்ல புதைஞ்ச ஒலிவ் கிளையோட முடிவாயிடுச்சே, கிமு 1600தானே?

யார் சொன்னா? 2006ல அந்தக் கிளையை வச்சு கிமு 1627-1600னு சொன்னாங்க, சரி. எகிப்து தொடர்பை வச்சு தொல்லியல்காரங்க கிமு 1500 பக்கம் நிக்கறாங்க. 2018ல மர வளையத்துல கார்பன்-14ஐ வருஷா வருஷம் அளந்து பார்த்ததுல கிமு 16ஆம் நூற்றாண்டுக்கும் இடம் வந்துடுச்சு.

அதே ஆள்: கிரீன்லாந்து பனியிலயே சாண்டோரினி சாம்பல் கிடைச்சுதே?

அது அலாஸ்காவோட அனியாக்சாக் சாம்பல், கண்ணாடித் துகளோட கெமிஸ்ட்ரி சொல்லிடுச்சு.

அதே ஆள்: கிளையில வளையம் எண்ணியிருக்காங்களே?

ஒலிவ்ல வளையம் ஒழுங்கா தெரியாதுங்க, அதான் சண்டையே!

கேள்வி: சார், லாவா கல்லை கார்பன்ல...

முதல் பதில் படிங்க.

கேள்வி: ஆர்கான் புது எரிமலைக்கு ஆகாதாமே?

வெசுவியஸ் கிபி 79ல வெடிச்சது ஊரறிஞ்சது, 1997ல ஆர்கான்-ஆர்கான் பண்ணா 1925 வருஷம் பழசுன்னு வந்துச்சு, கூடக்குறைய 94. ஆகாதுன்னா எப்படி?

கேள்வி: எங்ககிட்ட கரி இருக்கு, எங்க குடுக்கணும்?

டெல்லி ஐயுஏசி, அகமதாபாத் பிஆர்எல்னு ஆய்வகங்கள் இருக்கு, கேட்டுப் பாருங்க. அலுமினிய ஃபாயில்ல சுத்துங்க, பஞ்சு, பேப்பர் வேண்டாம், அதுலயும் கார்பன் இருக்கு. அந்தக் கரி எந்த வளையம்?